60,000 வோல்ட் என்றால் கார் பறக்குமா?

சென்ற மாதம் என் அக்காள் மகன் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். சிவப்பு நிறத்தில் நான்கு இக்னிஷன் காயில்கள். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் “60,000 வோல்ட்”. படத்துக்குக் கீழே ஒரே வரி: “மாமா, இதைப் போடட்டுமா?”

அவன் வேலைக்குச் சேர்ந்து இரண்டு ஆண்டுகள்தான் ஆகின்றன. சேமித்த பணத்தில் ஒரு பழைய டர்போ ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியிருக்கிறான். நெடுஞ்சாலையில் முந்துவதற்காக எண்ணெயை மிதித்தால் கார் குலுங்கித் தயங்குகிறதாம். உதிரிபாகக் கடைக்காரர் காரைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. “பிளக் காயில் வீக் ஆகிவிட்டது தம்பி. ஒரிஜினல் போட்டால் மறுபடியும் இதே கதைதான். ரேசிங் காயில் போடு, பவரும் ஏறும்” என்று சொல்லிவிட்டார். நான்குக்கும் சேர்த்து விலை 1,400 ரிங்கிட்.

மாணவர்களே, இன்னும் சில ஆண்டுகளில் உங்களில் பலர் இதே போன்ற ஒரு கடை முகப்பில் நிற்பீர்கள். காராக இருக்கலாம், மோட்டார் சைக்கிளாக இருக்கலாம். கையில் முதல் சம்பளம் இருக்கும். எதிரே பளபளப்பான பெட்டியில் ஒரு பெரிய எண் இருக்கும். அந்த எண்ணைக் கண்டு மயங்காமல் இருக்க, நீங்கள் பள்ளியில் படிக்கும் அறிவியலே போதும் என்பது என் கருத்து. ஒரிஜினலா, வெளிச்சந்தைக் காயிலா என்பது இரண்டாவது கேள்வி. காயில்தான் குற்றவாளியா என்பதே முதல் கேள்வி.

பெட்டியில் உள்ள எண் எதைச் சொல்கிறது?

காயில் என்பது ஒரு மின்மாற்றி. மைக்கேல் ஃபாரடே 1831-இல் கண்டறிந்த மின்காந்தத் தூண்டல்தான் அதன் அடிப்படை. படிவம் 5 இயற்பியலில் நீங்கள் படிப்பதும் அதுவே. உள்ளே இரண்டு சுருள்கள் இருக்கும். முதன்மைச் சுருளில் சில நூறு சுற்றுகள். துணைச் சுருளில் ஏறக்குறைய அதன் நூறு மடங்கு சுற்றுகள்.

கார் ஓடும்போது மின்சாரம் சுமார் 14 வோல்ட். அதை நூறால் பெருக்கினால் 1,400 வோல்ட்தானே வரவேண்டும்? ஆனால் தீப்பொறிக்குப் பல்லாயிரம் வோல்ட் தேவை. மீதி எங்கிருந்து வருகிறது? இங்கேதான் ஃபாரடே விதி வேலை செய்கிறது. தூண்டப்படும் மின்னழுத்தம், காந்தப்புலம் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதைப் பொறுத்தது. காரின் கணினி முதன்மைச் சுருளில் சில மில்லிவினாடிகள் மின்னோட்டத்தை ஏற்றுகிறது; பிறகு அதைச் சட்டென்று துண்டிக்கிறது. காந்தப்புலம் ஒரே நொடிப்பில் சரிகிறது. அந்தச் சரிவில் முதன்மைச் சுருளிலேயே 300 முதல் 400 வோல்ட் பிறக்கிறது. அதன் நூறு மடங்குதான் ஸ்பார்க் பிளக்கிற்குப் போகும் 30,000, 40,000 வோல்ட்.

இப்போது பெட்டியில் உள்ள எண்ணுக்கு வருவோம். 60,000 வோல்ட் என்பது அந்தக் காயில் எட்டக்கூடிய உச்சம். ஒவ்வொரு பொறியிலும் அது தரும் அளவு அன்று. பிளக்கின் இரு முனைகளுக்கு நடுவே சுமார் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி இருக்கிறது. காயிலின் மின்னழுத்தம் ஏறிக்கொண்டே போய், அந்த இடைவெளியில் உள்ள வாயு மின்சாரத்துக்கு வழிவிடும் அளவை எட்டியதும் பொறி பாய்ந்துவிடும். பாய்ந்த பிறகு மின்னழுத்தம் மேலே ஏறாது; இறங்கிவிடும். இடைவெளிக்குத் தேவை 15,000 வோல்ட் என்றால், 40,000 வோல்ட் காயிலும் 15,000-தான் தரும். 60,000 வோல்ட் காயிலும் 15,000-தான் தரும். கொம்தார் கோபுரம் வரை ஏறக்கூடிய ஏணியை வாங்கி வந்து வீட்டில் விளக்கு மாட்டுவதைப் போன்றது இது.

எவ்வளவு வோல்ட் தேவை என்பதை இரண்டு விஷயங்கள் முடிவுசெய்கின்றன: பிளக்கின் இடைவெளி, அங்குள்ள வாயுவின் அழுத்தம். ஜெர்மானிய இயற்பியலாளர் பாஷென் 1889-இல் இந்த உறவை வெளியிட்டார். எஞ்சினுக்குள் நடப்பதைப் பொறுத்தவரை, இடைவெளி கூடினாலும் அழுத்தம் கூடினாலும் பொறி பாய அதிக வோல்ட் வேண்டும். டர்போ எஞ்சின் அதிகக் காற்றை உள்ளே திணிக்கிறது. அதனால் எண்ணெயை அழுத்தி மிதிக்கும் நேரத்தில்தான் காயிலுக்கு உண்மையான சோதனை வருகிறது.

சரி, சக்தி கூடுமா? சக்தி வருவது எரிபொருளும் காற்றும் எரிவதிலிருந்து. பொறியின் வேலை அந்த எரிதலைத் தொடங்கிவைப்பது மட்டும். ஒரு தீக்குச்சியில் பற்றிவிட்ட விறகு, மூன்று தீக்குச்சி கொளுத்தினால் மூன்று மடங்கு எரியாது. பழுதில்லாத ஒரிஜினல் காயில் ஒவ்வொரு முறையும் ஒழுங்காகப் பற்றவைக்கிறது என்றால், அதை மாற்றுவதால் கூடும் குதிரைத்திறன் ஒன்றும் இல்லை.

ஒரு நேரத்தில் ஒரு மாறி

அக்காள் மகனிடம், “வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்து பார்ப்போம்” என்றேன். தெரிந்த பட்டறைக்குப் போனோம். காரின் கணினியோடு ஸ்கேனரை இணைத்ததும் P0303 என்ற குறியீடு வந்தது. மூன்றாம் சிலிண்டரில் எரிதல் தவறுகிறது என்று அதற்குப் பொருள். ஆனால் ஏன் தவறுகிறது என்பதை அந்தக் குறியீடு சொல்லாது.

தமிழ்ப்பள்ளியில் அறிவியல் சோதனை செய்தபோது தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி என்று அட்டவணை போட்டது நினைவிருக்கிறதா? தேர்வோடு மறந்துவிட்டோம் என்று நினைத்திருந்தோம். அன்று பட்டறையில் அதுதான் கைகொடுத்தது.

எஞ்சினை அணைத்து, நன்றாக ஆறவிட்ட பிறகு, பட்டறைக்காரர் மூன்றாம் சிலிண்டரின் காயிலைக் கழற்றி முதல் சிலிண்டரில் மாட்டினார். முதலாவதன் காயில் மூன்றுக்குப் போனது. வேறு எதையும் தொடவில்லை. காயில் கெட்டிருந்தால் கோளாறும் அதனுடன் இடம் மாறி, குறியீடு P0301 ஆகவேண்டும். காரை ஓட்டிப் பார்த்தோம். மீண்டும் P0303. ஆக, காயில் நிரபராதி.

அடுத்து மூன்றாம் சிலிண்டரின் பிளக்கையும் இரண்டாம் சிலிண்டரின் பிளக்கையும் இடம் மாற்றினார். இப்போது குறியீடு P0302. கோளாறு பிளக்கைத் தொடர்ந்து போய்விட்டது. கழற்றி அளந்தால், 0.8 மில்லிமீட்டர் இருக்கவேண்டிய இடைவெளி தேய்ந்து ஒரு மில்லிமீட்டருக்கும் மேல் அகன்றிருந்தது. அகன்ற இடைவெளி, அதன்மேல் டர்போவின் அழுத்தம். இரண்டும் சேர்ந்தபோது பொறி பாயவில்லை. நான்கு புதிய பிளக்குகளுக்கு 180 ரிங்கிட் ஆனது. குலுக்கல் நின்றது. ஒரிஜினல் காயில்கள் இன்னும் அதே காரில்தான் ஓடுகின்றன.

இதில் நான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல விரும்புவது மிச்சமான பணத்தைப் பற்றி அல்ல. அவன் அந்தச் சிவப்புக் காயில்களை வாங்கிப் போட்டிருந்தாலும் குலுக்கல் நின்றிருக்கக்கூடும்! அதிக வோல்ட் எட்டும் காயில் அந்த அகன்ற இடைவெளியையும் தாண்டியிருக்கும். “பார்த்தாயா, கடைக்காரர் சொன்னது சரிதான்” என்று அவன் தன் நண்பர்கள் எல்லாரிடமும் சொல்லியிருப்பான். பிளக்கோ உள்ளே தொடர்ந்து தேய்ந்துகொண்டிருக்கும். பல நேரங்களில் காயிலையும் பிளக்கையும் ஒன்றாகவே மாற்றுவார்கள்; கார் நன்றாக ஓடினால் புகழ் முழுவதும் காயிலுக்கே போகும். ஒரே நேரத்தில் இரண்டு மாறிகளை மாற்றிவிட்டு, பிடித்த ஒன்றுக்கு மாலை போடுவதை அறிவியல் ஏற்காது. “நான் போட்டேன், கார் நன்றாக ஓடுகிறது” என்பது உண்மையான அனுபவமாக இருக்கலாம். ஆனால் அது காரணத்துக்குச் சான்று ஆகாது.

மாற்றுவது நியாயமாகும் இடம்

வெளிச்சந்தைக் காயில்கள் எல்லாமே ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. மாஸ்டா ஆர்எக்ஸ்-8 என்ற ஸ்போர்ட்ஸ் காரை எடுத்துக்கொள்ளுங்கள். 2003 முதல் 2012 வரை தயாரான இந்தக் காரில் பிஸ்டன் கிடையாது. முக்கோண வடிவச் சுழலி இரண்டு இருக்கும். அறை நீண்டு தட்டையாக இருப்பதால் ஒவ்வொரு சுழலிக்கும் இரண்டு பிளக். மொத்தம் நான்கு பிளக், நான்கு காயில்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். சாதாரண நான்கு வீச்சு எஞ்சினில், தண்டு இரண்டு முறை சுற்றினால் ஒரு சிலிண்டரில் ஒருமுறை பொறி. சுழலி எஞ்சினில் தண்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பொறி. நிமிடத்துக்கு 3,000 சுற்றில் இரண்டு மணி நேரம், அதாவது கோலாலம்பூரிலிருந்து ஈப்போ போகும் நேரம் ஓட்டினால், சாதாரணக் காரின் காயில் 180,000 முறை பொறி தரும். ஆர்எக்ஸ்-8 காயில் 360,000 முறை தரும். அதன் உச்ச வேகமான 9,000 சுற்றில் வினாடிக்கு 150 பொறிகள்; ஒவ்வொரு பொறிக்கும் கிடைப்பது 7 மில்லிவினாடிகூட இல்லை. அதற்குள் மின்னோட்டம் ஏறவேண்டும், பொறி பாயவேண்டும், காயில் கொஞ்சம் ஆறவும் வேண்டும். இந்தக் காரின் காயில்கள் விரைவில் தளர்ந்துபோவது அதை வைத்திருப்போருக்கு நன்கு தெரிந்த விஷயம். எரியாத எரிபொருள் புகைக்குழாயில் உள்ள வினையூக்கி மாற்றிக்குள் போய் எரிந்தால் அதையும் உருக்கிவிடும் என்பதால், காயிலை அலட்சியப்படுத்தவும் முடியாது. அதனால் சிலர் அமெரிக்க வி8 எஞ்சின்களின் பெரிய காயில்களை இதில் பொருத்துகிறார்கள். சோதித்துப் பார்த்து, குறை காயிலில்தான் என்று உறுதியான பிறகு எடுக்கும் முடிவு என்றால் அது நியாயமானதே. டர்போ அழுத்தத்தை உயர்த்தியவர்களுக்கும் இது பொருந்தும்.

ஆனால் அங்கும் ஒரு பொறி இருக்கிறது. இது சிக்கவைக்கும் பொறி. பெரிய காயில் நிரம்ப அதிக நேரம் எடுக்கலாம். காரின் கணினியோ பழைய காயிலுக்குரிய நேரத்தையே தரும். பெரிய வாளியைக் குழாயடியில் வைத்துவிட்டு, சின்ன வாளிக்கு விட்ட நேரம் மட்டும் தண்ணீர் விட்டால் என்ன ஆகும்? காயிலில் சேரும் ஆற்றல் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப அமையும். 7 ஆம்பியர் ஏறவேண்டிய இடத்தில் 3.5 ஆம்பியர் மட்டும் ஏறினால், ஆற்றல் பாதி அன்று, கால்வாசிதான். பெரிய விலை கொடுத்து ஒரிஜினலைவிட மெலிந்த பொறியை வாங்கியதாகிவிடும். மாறாக, நேரத்தைக் கண்மூடித்தனமாக நீட்டினால் காயில் சூடேறும். அதை இயக்கும் மின்னணுப் பகுதியும் கருகலாம். ஆகவே காயிலை மாற்றுபவர் கணினியில் உள்ள நேர அளவையும் சரிபார்க்கவேண்டும். விற்பவரிடம் கேட்கவேண்டிய கேள்வி “எத்தனை வோல்ட்?” என்பதல்ல; “14 வோல்ட்டில் இது நிரம்ப எத்தனை மில்லிவினாடி ஆகும்? என் கார் எத்தனை தருகிறது?” என்பதுதான். பதில் சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள்.

என் முடிவு இதுதான். எஞ்சினில் மாற்றம் எதுவும் செய்யாத காருக்கு ஒரிஜினல் காயிலே போதும். விலை கூடுதலாகத் தெரிந்தால், கார் நிறுவனங்களுக்கே காயில் செய்துகொடுக்கும் பாஷ், டென்சோ போன்றவை தங்கள் சொந்தப் பெயரில் விற்பதை நம்பிக்கையான கடையில் வாங்கலாம். நம்பமுடியாத மலிவு விலையில் இணையத்தில் கிடைப்பது போலியாக இருக்க வாய்ப்புண்டு, எச்சரிக்கை தேவை. ரேசிங் காயில், அதற்கான தேவையை அளந்து காட்டியவர்களுக்கு மட்டும்.

அக்காள் மகன் மிச்சப்பட்ட பணத்தில் நான்கு புதிய டயர் வாங்கினான். மழைக்கால நெடுஞ்சாலையில் அவன் உயிரைக் காப்பவை அவைதான். பெட்டியில் அவற்றுக்கு 60,000 என்று எதுவும் எழுதியிருக்கவில்லை.