ஐந்து வயதில் ரிட்டையர் ஆன எஞ்சின்

போன வாரம் நண்பர் ஒருவர் தன் பதிவில் பிரிட்டன் ரயில்வேயின் கரி எஞ்சின்களைப் பற்றி உருகி உருகி எழுதியிருந்தார். வெள்ளைப் புகை, பச்சைப் புல்வெளி, கல் பாலம், தூரத்தில் கேட்கும் விசில். நல்லாத்தான் இருந்தது. டீசல் வந்தது, அழகு செத்தது என்கிற ரீதியில் முடித்திருந்தார். கீழே பின்னூட்டத்தில் இன்னொருத்தர், "மாட்டு வண்டி போய் பஸ் வந்த கதைதான் ஓய், இதுக்கெல்லாமா அழுவாங்க?" என்று ஒரே போடாகப் போட்டிருந்தார். ரெண்டு பேரும் பாதி சரி, பாதி தப்பு என்று எனக்குப் பட்டது. அங்கேயே ஒரு பின்னூட்டம் போடலாம் என்று ஆரம்பித்தேன். அது அனுமார் வால் மாதிரி நீண்டுவிட்டது, அதனால் இங்கே தனிப்பதிவு.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கரி எஞ்சின் போக வேண்டியதுதான். அதில் எனக்கு சந்தேகமே இல்லை. ஆனால் அதை அனுப்பி வைத்த விதம் இருக்கிறதே, அது மகா ஊதாரித்தனம். காசை மட்டும் சொல்லவில்லை.

யார்க் நகரத்து ரயில்வே மியூசியத்துக்கு நான் போனபோது, மல்லார்ட் எஞ்சினைச் சுற்றித்தான் கூட்டம். 1938 ஜூலை 3-ல் மணிக்கு 126 மைல் ஓடி, கரி எஞ்சின்களில் உலக சாதனை வைத்த அம்மணி. நீல நிறம், மீன் மாதிரி வழவழப்பான உடம்பு. கூட்டம் கூடாமல் என்ன செய்யும்! நான் அதிக நேரம் நின்றது வேறொரு எஞ்சின் முன்னால். பச்சைப் பெயிண்ட், செம்பு வளையம் வைத்த புகைபோக்கி, எண் 92220. பெயர் ஈவினிங் ஸ்டார். பிரிட்டிஷ் ரயில்வே கட்டிய கடைசி நீராவி எஞ்சின். 1960 மார்ச்சில் ஸ்விண்டன் தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்தது. ஊழியர்களிடம் போட்டி வைத்துப் பெயர் தேர்ந்தெடுத்து, விழா எடுத்து, திரை விலக்கி... எல்லா மரியாதையும் நடந்தது.

1965 மார்ச்சில் அதை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஐந்தே வருஷம்! நம் வீட்டு மிக்ஸி அதைவிட அதிக நாள் உழைக்கும். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் முப்பது நாற்பது வருஷம் ஓடக்கூடிய சாமான் அது. இது மியூசியத்துக்கு என்று ஒதுக்கப்பட்டதால் தப்பித்தது. இதே 9எஃப் வகையில் மொத்தம் கட்டியது 251. மற்றதில் பெரும்பாலானவை பத்து வயதைத் தாண்டுவதற்குள் காயலான் கடைக்குப் போய்ச் சேர்ந்தன. கூட்ஸ் வண்டிக்காகக் கட்டிய எஞ்சின் என்றாலும் பாசஞ்சர் வண்டியையும் அநாயாசமாக இழுத்தது. 1962 செப்டம்பரில் சாமர்செட் மலைப்பாதையில் பைன்ஸ் எக்ஸ்பிரஸ் கடைசியாக ஓடிய அன்றைக்கு அதை இழுத்தது இதே ஈவினிங் ஸ்டார்தான்.

நிற்க. கொஞ்சம் பின்னால் போவோம்.

1948 ஜனவரி 1-ல் பிரிட்டனின் நான்கு பெரிய ரயில் கம்பெனிகளும் அரசுடைமை ஆயின. கைக்கு வந்த நீராவி எஞ்சின்கள் சுமார் 20,000. வகைகள் மட்டும் நானூறுக்கு மேல். போரில் ஆறு வருஷம் ஓய்வில்லாமல் ஓடி, பராமரிப்பே இல்லாமல் தேய்ந்து கிடந்தவை. இதைக் கட்டி மேய்க்கும் பொறுப்பு ராபர்ட் ரிடில்ஸ் என்பவரிடம் வந்தது. போர்க்காலத்தில் மலிவான, முரட்டு எஞ்சின்களை வடிவமைத்துக் கொடுத்த மனிதர். அவர் 12 வகைகளில் புது எஞ்சின்கள் கட்ட ஏற்பாடு செய்தார். 1951-ல் பிரிட்டானியாவில் ஆரம்பித்து 1960-ல் ஈவினிங் ஸ்டாரில் முடிந்தது கணக்கு. மொத்தம் 999. (ஆயிரமாவதைக் கட்டி ஒரு ரவுண்டாக்கியிருக்கக் கூடாதா என்று எனக்கு ஒரு அல்ப ஆதங்கம் உண்டு.) பழைய கம்பெனிகளின் டிசைன்களிலும் 1948-க்குப் பிறகு ஆயிரத்து ஐநூறுக்கு மேல் கட்டியிருக்கிறார்கள்.

இந்த இடத்தில்தான் எல்லாரும் ரிடில்ஸைத் திட்டுவார்கள். அமெரிக்கா முழுக்க டீசலுக்கு மாறிக்கொண்டிருந்தபோது இந்த ஆள் புதுசு புதுசாகக் கரி எஞ்சின் கட்டினாரே, பைத்தியமா என்று. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் அவர் சொன்ன நியாயத்தைக் கேளுங்கள். கரி உள்ளூரில் வெட்டி எடுப்பது. டீசலுக்கு எண்ணெய் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும், அதற்கு அந்நியச் செலாவணி வேண்டும். போர் முடிந்த பிரிட்டன் அப்போது போண்டி. 1946-47-ல் கரித் தட்டுப்பாடு என்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட எஞ்சின்களை எண்ணெயில் ஓட மாற்றப் போகிறோம் என்று அரசாங்கம் கிளம்பியது. நூறைக்கூட எட்டுவதற்குள் எண்ணெய் வாங்கக் காசில்லை என்று திட்டத்தையே கைவிட்டார்கள். இதைக் கண்ணால் பார்த்தவர் எப்படி டீசலை நம்புவார்? தவிர, ஒரு டீசல் எஞ்சின் வாங்கும் விலையில் பல கரி எஞ்சின்கள் கட்டலாம். ரிடில்ஸின் கணக்கு இதுதான்: கொஞ்ச காலத்துக்கு நல்ல கரி எஞ்சின்களை வைத்து ஓட்டுவோம், கையில் காசு சேரச் சேர நேராக மின்சாரத்துக்குப் போய்விடுவோம். டீசல் என்கிற நடுப்படியே வேண்டாம்.

அவர் 1953-ல் ஓய்வு பெற்றார். 1955-ல் நவீனமயமாக்கல் திட்டம் வந்தது. 124 கோடி பவுண்டு! நீராவிக்கு முழுக்கு போடுவது என்று முடிவு.

முடிவு சரிதான். ஏன் என்று சொல்கிறேன். புகையைத் தூரத்திலிருந்து பார்த்து ரசிப்பவர்கள் ஒரு தடவை ஷெட்டுக்குள் போய்ப் பார்க்க வேண்டும். குளிர்ந்து கிடக்கும் எஞ்சினுக்குத் தீ மூட்டி ஸ்டீம் ஏற்ற ஆறேழு மணி நேரம் ஆகும். காலை ஆறு மணி வண்டிக்கு நடுராத்திரிக்கு முன்னாலேயே ஒருத்தன் வந்து அடுப்பைப் பற்ற வைக்க வேண்டும். ஓடி முடித்து வந்தால் கிளிங்கர் கட்டிகளைக் கம்பியால் குத்தி எடுக்கணும், சாம்பல் தட்டை அள்ளணும், புகைப்பெட்டிக்குள் சேர்ந்த கரித்தூளை வாரணும், நாள் கணக்கு வைத்து பாய்லரைக் கழுவணும். நீண்ட ஓட்டத்தில் ஃபயர்மேன் பல டன் கரியை மண்வெட்டியாலேயே அள்ளிப் போட வேண்டும். லண்டன் - எடின்பரோ வண்டி 1928-லிருந்து கோடைக்காலங்களில் எங்கும் நிற்காமல் ஓடியது. ஒரே ஜோடி ஆட்களால் முழுதூரமும் முடியாது என்று, டெண்டரின் ஓரமாக உள்ளேயே ஒரு குறுகலான நடைபாதை வைத்து, ஓடுகிற வண்டியிலேயே ஆள் மாற்றினார்கள். இத்தனை பாடுபட்டும் கரியிலிருக்கும் சக்தியில் நூற்றுக்கு ஏழெட்டுப் பங்குதான் வண்டியை இழுக்கப் போகும். மீதி எல்லாம் புகைபோக்கி வழியே ஆகாசத்துக்கு.

போருக்குப் பிறகு ஊரில் வேறு வேலைகள் கிடைத்தன. சுத்தமான சட்டையோடு எட்டு மணி நேரம் பார்க்கிற வேலை. ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து கரியில் புரள எந்தப் பையன் வருவான்? கிளீனர் வேலைக்கு ஆள் கிடைக்காமல் எஞ்சின்கள் அழுக்கோடு ஓடின. அறுபதுகளின் போட்டோக்களைப் பாருங்கள், பச்சையா கறுப்பா என்றே தெரியாது. ஆக, கரி எஞ்சினைக் கொன்றது டீசல் இல்லை நண்பரே. அந்த வேலையைச் செய்ய ஆள் வரவில்லை என்பது பெரிய காரணம். 1956-ல் புகைக்கு எதிரான சட்டம் வேறு வந்தது.

சரி, அப்புறம் எங்கே தப்பு நடந்தது? அவசரம்.

முதல் திட்டம் அழகானது. பல கம்பெனிகளிடம் சோதனைக்காக 174 டீசல்கள் வாங்குவது, மூன்று வருஷம் ஓட்டிப் பார்ப்பது, தேறியதை மட்டும் மொத்தமாக ஆர்டர் செய்வது. நம் வீட்டில் அரிசி வாங்குகிற மாதிரி, ஒரு படி வடித்துப் பார்த்துவிட்டு அப்புறம் மூட்டை. ஆனால் ரயில்வேக்கு நஷ்டம் ஏற ஏற, சோதனை முடிவதற்குள்ளேயே மூட்டை மூட்டையாக ஆர்டர் பறந்தது. தேறாத ஜாதிகளும் கூடவே வந்தன.

கிளாஸ்கோவில் நார்த் பிரிட்டிஷ் என்று ஒரு கம்பெனி. இந்தியாவுக்கும் நூற்றுக்கணக்கில் கரி எஞ்சின் அனுப்பியவர்கள். ஜெர்மனியின் மான் கம்பெனி டிசைனை உரிமம் வாங்கி டீசல் செய்தார்கள். நின்றது நின்றபடி, சில சமயம் தீப்பிடித்தபடி. 1962-ல் கம்பெனியே திவால். அவர்கள் கட்டிய டி600 வகை எஞ்சின்கள் ஐந்தையும் 1967 டிசம்பரோடு ஓரங்கட்டிவிட்டார்கள். கவனியுங்கள், பிரிட்டனில் நீராவி ஓய்ந்தது 1968 ஆகஸ்டில். அதாவது கரி எஞ்சினை விரட்ட வந்த டீசல், கரி எஞ்சினுக்கு முன்னாலேயே காயலான் கடைக்குப் போய்விட்டது! ஸ்விண்டனிலேயே 1964-65-ல் கட்டிய 56 குட்டி டீசல்களுக்கும் 1969-க்குள் வேலை போச்சு. அவை இழுக்க வேண்டிய சின்னச் சின்ன கூட்ஸ் வண்டிகளே அதற்குள் காணாமல் போயிருந்தன.

இன்னொரு கூத்து. பெட்டிகளில் பயணிகளுக்குக் கதகதப்பு கொடுத்தது எஞ்சினிலிருந்து குழாய் வழியே வந்த நீராவி. டீசலில் நீராவிக்கு எங்கே போவது? அதனால் டீசலுக்குள்ளேயே ஒரு சின்ன பாய்லரை வைத்துக் கட்டினார்கள். அது அடிக்கடி மக்கர் பண்ணும். நீராவியை ஒழிக்க வந்தவர்கள் நீராவியோடு மல்லுக்கட்டியதுதான் மிச்சம் :-)

எல்லா டீசலும் மட்டம் என்று சொல்லமாட்டேன். இங்கிலிஷ் எலெக்ட்ரிக் செய்தவை தங்கமானவை, 37-ஆம் வகுப்பு எஞ்சின்கள் சில அறுபது வயதிலும் வண்டி இழுத்தன. பொறுமையாகச் சோதித்திருந்தால் அந்த மாதிரி நல்லதை மட்டும் வாங்கியிருக்கலாம் என்பதுதான் என் வாதம். மேற்கு ஜெர்மனியில் 1977 வரை கரி எஞ்சின் ஓடியது. அங்கே யாரும் அவர்களைப் பத்தாம்பசலி என்று சொல்லவில்லை. பிரிட்டனில் 1960 முடியும்போது பதிமூணாயிரத்துக்கும் மேல் இருந்த எஞ்சின்கள் எட்டே வருஷத்தில் பூஜ்யம். ரிடில்ஸ் சொன்ன மின்சாரமோ லண்டனிலிருந்து எடின்பரோ போய்ச் சேர 1991 ஆனது.

எஞ்சின் இரும்புதான், உருக்கிவிடலாம். ஆளை?

கீத்லி என்கிற ஊரிலிருந்து தன்னார்வலர்கள் நடத்தும் ஒரு சின்ன ரயில் பாதை உண்டு. பிரிட்டிஷ் ரயில்வே மூடியதை ஊர்க்காரர்களே வாங்கி 1968 ஜூனில் திறந்தார்கள். சில வருஷங்களுக்கு முன் அங்கே போனபோது எழுபது வயதுப் பெரியவர் ஒருவர் எஞ்சினில் கரி போட்டுக்கொண்டிருந்தார். பேச்சுக் கொடுத்தேன். பதினைந்து வயதில் கிளீனராகச் சேர்ந்து ஃபயர்மேன் ஆனவர். வேலை பார்த்தது ரோஸ் க்ரோவ் ஷெட். 1968 ஆகஸ்ட் வரை தாக்குப்பிடித்த கடைசி மூன்று ஷெட்களில் ஒன்று. கிளீனர், ஃபயர்மேன், அப்புறம் டிரைவர் என்று சீனியாரிட்டி வரிசை. அவருடைய அப்பாவும் அந்த வரிசையில் இருபது வருஷம் காத்திருந்து டிரைவர் ஆனவராம். இவர் முறை நெருங்கும்போது ஷெட்டே இல்லை. லாரி ஓட்டப் போய்விட்டார்.

"கடைசி நாளில் அழுதீர்களா?" என்று கேட்டுத் தொலைத்தேன். நம் நண்பரின் பதிவில் வருகிற மாதிரி ஏதாவது சொல்வார் என்று நப்பாசை. "அழுகையா? அடுத்த வெள்ளிக்கிழமை சம்பளம் எங்கேருந்து வரும்னு யோசிச்சேன்" என்றார். அந்த ஆகஸ்ட் 11-ந் தேதி லிவர்பூலிலிருந்து கார்லைல் போய்த் திரும்பிய கடைசி ஸ்பெஷல் வண்டிக்கு டிக்கெட் பதினைந்து கினி. வழிநெடுக வயல்களிலும் பாலங்களிலும் ஜனங்கள் கூட்டம் கூட்டமாகக் கேமராவோடு நின்றார்கள். இவர் போய்ப் பார்க்கவே இல்லையாம். ஷெட் குளிர்காலத்தைப் பற்றி அவர் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

மறுநாளிலிருந்து பிரதான பாதைகளில் கரி எஞ்சினுக்குத் தடை. ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மனுக்கு மட்டும் விதிவிலக்கு, அதன் சொந்தக்காரர் முன்னாலேயே ஒப்பந்தம் போட்டு வைத்திருந்தார். தடை தளர்ந்தது 1971-ல். அதற்கப்புறம் இந்த நாட்டுக்காரர்கள் செய்ததுதான் வேடிக்கை. வேல்ஸில் பாரி என்கிற துறைமுக ஊரில் டை உட்ஹாம் என்று ஒரு காயலான் கடைக்காரர். 297 எஞ்சின்களை எடைக்கு வாங்கிப் போட்டிருந்தார். கூட்ஸ் வேகன்களை வெட்டுவது சுலபம் என்று அதை முதலில் வெட்டிக்கொண்டே போக, எஞ்சின்கள் கடல் காற்றில் துருப்பிடித்துக் காத்துக் கிடந்தன. ரசிகர்கள் உண்டியல் குலுக்கி ஒவ்வொன்றாக மீட்டார்கள். மொத்தம் 213 தப்பித்தன. அதே யார்டில் நான் மேலே சொன்ன டி600 வகை டீசல் ஒன்றும் கிடந்தது. அதை மீட்க யாரும் வரவில்லை. 1980-ல் வெட்டிவிட்டார்கள்.

பெரியவரிடம் கடைசியாக ஒன்று கேட்டேன். அவ்வளவு வெறுத்த வேலையை இப்போது சம்பளம் வாங்காமல் ஏன் செய்கிறீர்கள்? பதில் சொல்லாமல் அடுப்புக் கதவைத் திறந்து மண்வெட்டியை என் கையில் கொடுத்தார். மூன்று தடவை போட்டேன். பாதிக் கரி வெளியே சிதறியது. சூட்டில் புருவம் பொசுங்கிய மாதிரி இருந்தது. அவர் சிரித்துக்கொண்டே துடைப்பத்தை எடுத்துத் தரையைக் கூட்ட ஆரம்பித்தார். டிரைவர் சீட்டில் இருபத்தைந்து வயதுப் பையன் ஒருத்தன் உட்கார்ந்திருந்தான். பெரியவர் அந்தப் பக்கம் போகவே இல்லை.