'நேச்சுரல்' மரப் பசில்: காசு மரத்துக்கா, அந்த வார்த்தைக்கா?

இன்ஸ்டாவில் 'பேபி கிஃப்ட்' என்று ஒரே ஒரு முறை தேடிப் பாருங்கள். அடுத்த பத்து நாளைக்கு உங்க ஃபீடு முழுக்க மரப் பசில்தான். 'நேச்சுரல் வுட்', 'மூளை வளர்ச்சி' என்று அவர்கள் அடுக்குவதைப் பார்த்தால், பிளாஸ்டிக் பொம்மை வாங்கியதே பாவமோ என்று தோன்றிவிடும்.

மரத்துல அப்படி என்னதான் இருக்கு?

அமெரிக்காவின் வடக்கு அரிசோனா பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2015-ல் வெளியானது. 10 முதல் 16 மாதக் குழந்தைகள் 26 பேர், தங்கள் அம்மா அல்லது அப்பாவோடு வீட்டில் விளையாடுவதைப் பதிவு செய்தார்கள். பாட்டுப் பாடும் பேட்டரி பொம்மை இருந்தபோது பெரியவர்கள் நிமிடத்துக்குச் சுமார் 40 வார்த்தைகள்தான் பேசினார்கள். மரப் பசில் மாதிரியான பழைய பாணி பொம்மைகளில் 56. புத்தகத்தில் 67. பொம்மையே பேசினா நாம வாயை மூடிக்கிறோம், அவ்வளவுதான். கவனிங்க, அந்தப் பழைய பாணி செட்டில் ரப்பர் பிளாக்குகளும் இருந்தன. ஆக, வேலை செய்தது மரம் இல்லை, பொம்மையோட மௌனம்.

பசிலுக்கென்று தனி பலன் இல்லாமலும் இல்லை. 2 முதல் 4 வயதுக்குள் வீட்டில் பசில் விளையாடிய குழந்தைகள், நாலரை வயதில் வடிவங்களை மனசுக்குள் திருப்பிப் பொருத்தும் சோதனையில் முன்னே இருந்ததாக 2012-ல் வெளியான சிகாகோ ஆய்வு சொன்னது. ஆனா, ஒரு வயசுக் குழந்தைக்குத் துண்டை வெளியே எடுக்கத்தான் வரும், திருப்பி வைக்க வராது. அதுக்காகக் கவலைப்படாதீங்க.

கவலைப்பட வேண்டியது பாதுகாப்புக்கு. 2021 ஜனவரி முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ முத்திரை கட்டாயம். மரப் பொம்மைக்கும்தான். பதிவுபெற்ற கைவினைக் கலைஞர்களுக்கும் புவிசார் குறியீடு பெற்றவர்களுக்கும் மட்டும் விலக்கு. கர்நாடகாவின் சன்னபட்னா பொம்மைகள் இந்த வகை. நம்ம ஊர்ல தைலம் காய்ச்சுற அதே வெட்பாலை மரத்தைக் கடைந்து, அரக்கில் வண்ணம் ஏற்றி, தாழை மடலால் தேய்த்துப் பளபளப்பாக்குகிறார்கள். அங்கே கிடைக்கும் வளைய அடுக்கும் ஒருவகைப் பசில்தானே!

இந்த ரெண்டிலும் சேராமல், வெறும் 'நேச்சுரல்' என்ற வார்த்தையோடு வருவதைத்தான் கேள்வி கேட்கணும். எந்த மரம், என்ன பெயின்ட்? 'மரம்' என்று சொல்லிவிட்டு, மர இழைகளைப் பசை போட்டு அழுத்திய எம்.டி.எஃப் பலகையை அனுப்பிடுறாங்களா?

கையில் வந்ததும் ஈரத்துணியால் அழுத்தித் துடைத்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் திருப்பி அனுப்பிடுங்க. குமிழை இழுத்துப் பாருங்கள். 3 வயதுக்குட்பட்டவர்களுக்கான பொம்மையில், 3.17 செ.மீ. விட்டமுள்ள சோதனைக் குழாய்க்குள் முழுசா அடங்கிப்போற துண்டு எதுவும் இருக்கக் கூடாது. பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிசு அந்தக் குழாயின் வாய்.