குளவிக்கும் ஓர் எண் உண்டு

அமெரிக்காவில் மின்சார ஸ்கூட்டரில் நின்றபடி போகிறவன் விளக்குக் கம்பத்தில் மோதிக் கையை முறித்துக்கொண்டால், அந்த மோதலுக்கென்றே ஓர் எண் இருக்கிறது: வி 00.842. மோதாமல் தவறி விழுந்தால் வி 00.841. 2020 ஒக்டோபரில் அந்நாட்டு நோய் வகைப்பாட்டில் இவற்றைச் சேர்த்தார்கள். வைத்தியசாலை காப்புறுதிக் கம்பனிக்கு அனுப்பும் பட்டியலில் இவை ஏறும். நண்பர்கள் சிலர் இதைச் சொல்லிச் சிரித்தார்கள். நமக்குச் சிரிப்பு வரவில்லை. நேற்றுத் தெருவுக்கு வந்த வண்டிக்கு இத்தனை நுட்பமான கணக்கு. நூற்றைம்பது ஆண்டுகளாகத் தேயிலை மலையில் படும் காயத்துக்கு?

எண் இல்லையென்று எவரும் சாக்குச் சொல்ல வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் பத்தாவது வகைப்பாட்டில் குளவி, தேனீ கொட்டியதற்கு எக்ஸ் 23 உண்டு. பின்னே 7 எழுதினால் இடம் பண்ணை. மேலும் ஒரு 2 சேர்த்தால், ஊதியத்துக்கு உழைக்கையில் நேர்ந்தது என்று பொருள். கொழுந்து பறிக்கும் பெண்ணின் வழக்கு முழுவதும் நான்கு இலக்கத்துக்குள் அடங்கிவிடுகிறது.

எழுதப்படுவதோ வேறு. எமது வகுப்பு மாணவி ஒருத்தி நான்கு நாள் வரவில்லை. தாயை மலையில் குளவி கொட்டிவிட்டதாம். அவள் கொண்டுவந்து காட்டிய மருந்துச் சீட்டில் 'பூச்சிக்கடி' என்ற ஒரே சொல். எந்த மலை, எத்தனை மணி, என்ன வேலை என்ற விவரம் ஏதுமில்லை. லயத்து வாசலில் சும்மா உட்கார்ந்திருப்பவளையும் பூச்சி கடிக்கும்! ஆனால் அதே நாளின் செக்ரோலில், பாதியில் இறங்கிப் போனவளுக்கு 'அரைப்பேர்' என்று பிசகில்லாமல் விழுந்திருந்தது. தோட்டத்துக்கு எழுதத் தெரியாதென்று யார் சொன்னது? தொழிலாளியின் கடனைச் சுமந்து தோட்டம் தோட்டமாய் அலைந்த 'துண்டு' 1921இல் சட்டத்தால் ஒழிந்தது. அதில் கடன்தொகை என்றும் விடுபட்டதில்லை.

1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம் வேலையின்போது, வேலை காரணமாக நேர்ந்த விபத்துக்கே ஈடு தருகிறது. 2022இன் திருத்தம் வேலைக்குப் போய்வரும் வழியையும் சேர்த்தது, நல்லது. ஆயினும் வேலையின்போதுதான் நேர்ந்தது என்று நிறுவ அந்தத் தாயிடம் இருப்பது 'பூச்சிக்கடி' மட்டுமே.

நாட்டின் கணக்கிலும் அவள் இல்லை. அரசாங்க வைத்தியசாலைகளில் தங்கிச் சிகிச்சை பெற்றோரையே சுகாதார அமைச்சு இந்த எண்களின்படி திரட்டுகிறது. தோட்ட டிஸ்பென்சரியில் மருந்து வாங்கி லயத்துக்குத் திரும்பியவளை அது எண்ணுவதில்லை. ஹற்றன், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கத்துக் குளவிச் செய்திகளைப் பத்திரிகையில் மீண்டும் மீண்டும் படிக்கிறோம். மறுநாள் அந்தத் தாளில் கடலை மடிக்கிறார்கள்.

எண் எழுதினால் குளவி ஓடிவிடுமா என்று கேட்பார்கள். ஓடாது. ஆனால் ஒரே மலையில் ஒரே பருவத்தில் பத்துப் பேர் கொட்டுப்பட்டார்கள் என்று ஏட்டில் ஏறினால், கூட்டை அகற்றாமல் பெண்களை அங்கே ஏற்றிய நிர்வாகம் பதில் சொல்லியாக வேண்டும். அந்தப் பதிலுக்கு அஞ்சியே ஏடு வெறுமையாகக் கிடக்கிறது என்பது எமது துணிபு.

ஆசிரிய நண்பர்களே, தோட்டத்து விண்ணப்பங்களை எழுதிக் கொடுப்பவர்கள் நாமும் நமது மாணவருமே. இனி மருந்துச் சீட்டைக் கையில் வாங்கியதும் இடம், நேரம், வேலை, காரணம் நான்கையும் அதிலேயே எழுதித் தரும்படி டிஸ்பென்சரியில் கேட்போம். மறுத்தால், மறுத்த தேதியையும் குறித்து, தொழிற் திணைக்களத்துக்கு அனுப்பும் விண்ணப்பத்தோடு சேர்ப்போம்.