மண்டையில் களிமண் இல்லை

ஏழாம் வகுப்பில் பின்னக் கணக்கு தப்பானதும், "உன் மண்டையில களிமண்ணா?" என்றார் ஆசிரியர். கரும்பலகை முன்னால் நின்றேன். கை வேர்வையில் சாக்பீஸ் பிசுபிசுத்தது. முப்பது வருஷம் அந்தச் சொல்லைச் சுமந்திருக்கிறேன். போன வாரம் என் மகள் செல்போனில் ஐ.க்யூ. சோதனை எழுதினாள். 94 வந்தது. சாப்பிடாமல் படுத்துவிட்டாள்.

சராசரி 100, மூன்றில் இரண்டு பேர் 85க்கும் 115க்கும் நடுவில்தான் இருக்கிறார்கள் என்றேன். பிறகு பினேயைப் பற்றிச் சொன்னேன். 1905இல் பாரிஸில் ஆல்ஃப்ரெட் பினே, தியோடர் சிமோனுடன் சேர்ந்து இத்தகைய சோதனைகளின் முன்னோடியை உருவாக்கியதே, பள்ளியில் கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டறியத்தான். முத்திரை குத்துவதற்கு அல்ல. அறிவைக் கூட்டவே முடியாது என்ற பேச்சை 1909இல் பினேயே எதிர்த்து எழுதினார்.

படித்தால் கூடுமா? கூடும். ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் தரவுகளைத் தொகுத்த 2018ஆம் ஆண்டு ஆய்வில், கூடுதலாகப் படிக்கும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 1 முதல் 5 புள்ளிகள் வரை ஏறியது தெரிந்தது. ஆனால் மூளைப் பயிற்சிச் செயலிகளில் பெரும்பாலும் அந்த விளையாட்டில்தான் கை தேறுகிறது.

ஆசிரியர்களே, பெற்றோர்களே, பிள்ளையை 'மக்கு' என்று சொல்லாதீர்கள். அந்தக் கணக்கை இன்னொரு முறை சொல்லிக்கொடுங்கள்.