தராசைச் சோதிப்பவர் யார்?

கட்டபெட்டில் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்குத் தராசைப் பற்றி யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை. நாள் முழுவதும் சரிவில் நின்று பறித்த இலை நிறுவைக்கு வரும்போது, சாக்குக்கு எவ்வளவு கழிவு, ஈரத்துக்கு எவ்வளவு கழிவு என்று அவள் கண்கொட்டாமல் பார்க்கிறாள். அவளுடைய கூலி அதில் இருக்கிறது.

அதே பெண்ணின் குழந்தையையும் பள்ளிக்கூடத்தில் நிறுக்கிறார்கள். அந்தத் தராசைச் சோதிப்பவர் யார்?

குழந்தைகளின் கல்வியை அளக்கும் வேலை நாட்டில் பெருகி வருகிறது. 2021 நவம்பர் 12-ல் மத்திய சர்க்கார் நடத்திய தேசிய அடைவுத் தேர்வை சுமார் 34 லட்சம் மாணவர்கள் எழுதினர். 2024 டிசம்பர் 4-ல் நடந்த ‘பரக்’ சர்வேயில் 3, 6, 9-ம் வகுப்புகளைச் சேர்ந்த 21 லட்சத்துக்கு மேற்பட்டோர் சோதிக்கப்பட்டனர். முடிவுகள் வெளிவந்ததும் பத்திரிகைகளில் பெரிய தலைப்புகள், தலைவர்களிடையே சர்ச்சை, கடைசியில் பழி மட்டும் ஆசிரியர் தலையிலும் குழந்தை தலையிலும் விழுகிறது.

அளக்கவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. அளக்காவிட்டால், ஏழைக் குழந்தை பின்தங்கிக் கிடப்பதே வெளியே தெரியாமல் போகும். சரியாக அளக்க வேண்டும் என்பதே நமது வாதம்.

கோத்தகிரி தாலுகாவை எடுத்துக்கொள்வோம். ஒரு குழந்தை வீட்டில் படுக மொழி பேசுகிறது. இன்னொன்று கோத்தர், இருளர் அல்லது குறும்பர் குடியிருப்பிலிருந்து தன் மொழியோடு வருகிறது. வேறொன்று, 1964-ம் ஆண்டு சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட தொழிலாளியின் பேரக் குழந்தை. ஜார்க்கண்டிலிருந்து வேலைக்கு வந்தவரின் குழந்தையும் நீலகிரித் தோட்டங்களில் உண்டு. இவர்கள் எல்லோருக்கும் நெற்களத்தைப் பற்றி நீண்ட தமிழ் வாக்கியங்களில் ஒரு கணக்கைக் கொடுத்தால், விடை தவறுவது கணக்குத் தெரியாததாலா, வாக்கியம் புரியாததாலா? இதைப் பிரித்தறியாத பரீட்சை கணக்கை அளக்கவில்லை. குழந்தை பிறந்த வீட்டை அளக்கிறது.

இன்னொரு கோளாறும் உண்டு. நீலகிரி ஜில்லாவில் ஆறு தாலுகாக்கள். உதகை நகரத்து மாணவனின் மதிப்பெண்ணையும் பந்தலூர் பழங்குடிக் குழந்தையின் மதிப்பெண்ணையும் ஒரே சாக்கில் கொட்டி, ஜில்லாவின் சராசரி இது என்று அறிவித்தால், யாருக்கு உதவி தேவை என்பதே அதில் மறைந்துவிடும்.

தவறான அளவை எத்தகைய கொடுமைக்குத் துணைபோகும் என்பதற்குச் சரித்திரம் சான்று கூறும். உதவி தேவைப்படும் குழந்தைகளைக் கண்டுபிடிக்கவே 1905-ல் பிரான்சில் ஆல்பிரட் பினே அறிவுச் சோதனையை வகுத்தார். அமெரிக்காவிலோ அத்தகைய சோதனைகள் வேறு காரியத்துக்குப் பயன்பட்டன. ராணுவச் சோதனைப் புள்ளிகளைக் காட்டி, தெற்கு, கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த ஏழைகள் அறிவில் தாழ்ந்தவர்கள் என்று 1923-ல் எழுதினார் கார்ல் பிரிகாம் என்ற பேராசிரியர். மறு ஆண்டே குடியேற்றத்தைக் கடுமையாகக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. 1930-ல் அவரே தமது முடிவுகள் ஆதாரமற்றவை என்று ஒப்புக்கொண்டார். ஆனால் நாட்டுவாரிக் கோட்டா முறை 1965 வரை நீடித்தது. பேராசிரியர் தவறைத் திருத்திக்கொண்டார். தண்டனையை மக்கள் அனுபவித்தார்கள்.

ஆகவே, கல்வி ஆராய்ச்சி முறைகளும் மதிப்பீடும் சில நிபுணர்களின் ஏகபோகமாக இருக்கலாகாது. எம்.எட். படிப்பில் ஆராய்ச்சி முறையும் புள்ளியியலும் ஆய்வேடும் உண்டு. பிஎச்.டி. மாணவர் ஆராய்ச்சி முறைப் பாடத்தைக் கட்டாயம் முடிக்க வேண்டும். ஆனால் தோட்டப் பகுதி ஆசிரியர் அங்கே எப்படிப் போய்ச் சேருவது? எம்.எட். 2015 முதல் இரண்டு வருடப் படிப்பாகிவிட்டது. பணியிலிருந்த பலருக்கு ஆராய்ச்சியின் முதற்படியாக இருந்த எம்.பில். பட்டமும் 2022-ம் ஆண்டு விதிகளால் நிறுத்தப்பட்டது. தரமான நூல்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில். இவற்றையெல்லாம் தாண்டிச் சேருபவர்களிலும் பலர், கைக்கு எட்டிய நூறு மாணவரிடம் ஒரு கேள்வித்தாளை நிரப்பி வாங்கி, ஆய்வேட்டைப் பைண்டு செய்து அலமாரியில் வைப்பதோடு முடித்துக்கொள்ள நேர்கிறது. இது அவர்கள் குற்றமல்ல. பட்டத்தைக் கொடுத்துக் கருவியைக் கொடுக்காத ஏற்பாட்டின் குற்றம்.

எனவே நாம் கோருகிறோம்: இத்துறையில் மேற்படிப்புப் படிக்க ஆசிரியர்களுக்குச் சம்பளத்துடன் விடுப்பு வேண்டும். பாடநூல்கள் தமிழில் வேண்டும். ஆய்வேட்டைத் தமிழில் எழுத ஊக்கம் வேண்டும். தோட்டத் தொழிலாளர், பழங்குடியினர் வீட்டுப் பிள்ளைகள் இப்படிப்பில் சேர முழு உதவித்தொகை வேண்டும். ஒவ்வொரு சர்வே முடிந்ததும் வினாக்களையும் மாதிரி எடுத்த முறையையும் மக்கள் முன் வைக்க வேண்டும். மதிப்பெண் குறைந்த பள்ளிக்குத் தண்டனையும் மூடுவிழாவும் அல்ல, கூடுதல் ஆசிரியரும் பணமும் முதலில் போய்ச் சேர வேண்டும்.

படுக மொழியும் லயன் வீட்டுத் தமிழும் அறிந்த ஓர் ஆசிரியை, மாதிரி எடுப்பது எப்படி, வினாவைச் சோதிப்பது எப்படி என்று கற்றுத் திரும்பிவந்தால், குழந்தை எங்கே தடுக்கி விழுகிறது என்பதை அவளைவிட யார் சரியாகச் சொல்ல முடியும்?

நிறுவைக் கழிவைத் தட்டிக் கேட்கத் தொழிலாளர்கள் கற்றிருக்கிறார்கள். தம் பிள்ளைகள் அளக்கப்படும் தராசையும் அவர்கள் தட்டிக் கேட்க வேண்டும். ஆசிரியர் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் பெற்றோரும் ஒன்றுசேர்ந்து இக்கோரிக்கையை எழுப்புவார்களாக!