கனடாவில் கார் வாங்கப் போறீங்களா? இன்சூரன்ஸ் செலவைக் குறைக்கும் வேலை ஊரிலேயே தொடங்குது!

கோவையிலோ யாழ்ப்பாணத்திலோ பத்து வருஷம் கார் ஓட்டியவர், கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் போய் இறங்குகிறார். வேலைக்குப் போக ஒரு பழைய கார் பார்க்கிறார். காரின் விலை கையைக் கடிக்கவில்லை. ஆனால் இன்சூரன்ஸ் எவ்வளவு என்று கேட்டதும் தலை சுற்றுகிறது. மாதம் சில நூறு டாலர்!

இத்தனைக்கும் அவர் பேரில் ஒரு விபத்துகூடக் கிடையாது. பிறகு ஏன் இவ்வளவு தொகை? பத்து வருஷ அனுபவம் அவருக்கு இருக்கிறது, அதை நிரூபிக்கும் காகிதம் இல்லை. இன்சூரன்ஸ் நிறுவனத்தின் கணக்கில் அவர் நேற்று லைசென்ஸ் எடுத்த புது ஓட்டுநர்.

கனடாவில் தமிழர்கள் அதிகம் வாழும் மாகாணம் ஒன்டாரியோ. அங்கே படிக்கவும் வேலைக்கும் போகிறவர்கள் முதல் வருஷத்தில் வீணாகக் கொட்டிக் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதியை மிச்சப்படுத்த முடியும். எப்படி? விரிவாகப் பார்க்கலாம்.

இங்கே காரைப் பார்ப்பார்கள்... அங்கே ஓட்டுபவரைப் பார்ப்பார்கள்!

இந்தியாவில் கட்டாயமான மூன்றாம் தரப்பு காப்பீட்டுக்கான பிரீமியத்தை மத்திய அரசே நிர்ணயிக்கிறது. 2022 ஜூன் 1-ல் நடைமுறைக்கு வந்த அறிவிப்பின்படி, 1000 சிசி வரையிலான சொந்தக் காருக்கு வருஷத்துக்கு 2,094 ரூபாய், 1500 சிசி வரை 3,416 ரூபாய், அதற்கு மேல் 7,897 ரூபாய். கணக்கு இன்ஜின் அளவை வைத்துதான். ஓட்டுபவருக்கு 20 வயசா, 50 வயசா என்று யாரும் கேட்பதில்லை.

ஒன்டாரியோவில் கதையே வேற. அங்கே கார் காப்பீட்டைத் தனியார் நிறுவனங்கள் விற்கின்றன. அவை வசூலிக்கும் கட்டணத்துக்கு எஃப்எஸ்ஆர்ஏ என்ற மாகாண ஒழுங்குமுறை ஆணையம் ஒப்புதல் தர வேண்டும். உங்களிடம் எந்த வகை லைசென்ஸ் இருக்கிறது, எத்தனை வருஷமாக இருக்கிறது, விபத்தோ போக்குவரத்து அபராதமோ உண்டா, வயது என்ன, தினமும் எவ்வளவு தூரம் ஓட்டுவீர்கள், கார் எந்த மாடல், அது எந்தத் தெருவில் நிற்கும் என எல்லாமே கணக்கில் வரும்.

கடைசியாகச் சொன்ன முகவரி ரொம்ப முக்கியம். அஞ்சல் குறியீட்டை வைத்தே கட்டணம் ஏறி இறங்கும். இந்தியர்கள் அதிகம் வாழும் பிராம்ப்டன், ஈழத்தமிழர்கள் அதிகம் வாழும் ஸ்கார்பரோ இரண்டுமே கட்டணம் அதிகமான பகுதிகள். ஒரே கார், ஒரே ஓட்டுநர் என்றாலும் வேறு ஊருக்கு வீடு மாறினால் தொகையும் மாறும்.

ஒரு ஆறுதல்: கடன் வாங்கித் திருப்பிக் கட்டிய வரலாற்றைக் காட்டும் கிரெடிட் ஸ்கோரை வைத்து கார் காப்பீட்டுக் கட்டணத்தை முடிவு செய்ய ஒன்டாரியோவில் அனுமதி இல்லை. புதிதாக வந்தவருக்கு அந்த ஸ்கோர் இல்லையே என்ற கவலை இந்த விஷயத்தில் வேண்டாம்.

ஜி1, ஜி2, ஜி... இது என்ன கணக்கு?

ஒன்டாரியோவில் குடியேறிய நாளிலிருந்து 60 நாட்கள் வரை சொந்த நாட்டு லைசென்ஸை வைத்து ஓட்டலாம். அதற்குள் மாகாண லைசென்ஸ் எடுத்தாக வேண்டும்.

பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி, சுவிட்சர்லாந்து போன்ற நாடுகளோடு ஒன்டாரியோவுக்கு லைசென்ஸ் பரிமாற்ற ஒப்பந்தம் இருக்கிறது. போதுமான அனுபவம் இருந்தால் அங்கிருந்து வருபவர்கள் தேர்வு எழுதாமலேயே மாற்றிக்கொள்ளலாம். இந்தியாவும் இலங்கையும் அந்தப் பட்டியலில் இல்லை. எனவே கண் பரிசோதனை, எழுத்துத் தேர்வு எல்லாம் உண்டு. பாஸ் ஆனால் கிடைப்பது ஜி1. இதை வைத்துக்கொண்டு தனியாக ஓட்ட முடியாது, பக்கத்தில் அனுபவமுள்ள ஓட்டுநர் உட்கார வேண்டும்.

புதிதாக ஓட்டப் பழகுபவர் ஜி1 எடுத்து 12 மாதம் காத்திருந்து ரோடு டெஸ்ட் பாஸ் செய்தால் ஜி2. இன்னும் 12 மாதம் கழித்து, நெடுஞ்சாலையிலும் ஓட்டிக் காட்டினால்தான் முழுமையான ஜி லைசென்ஸ். ஆக மொத்தம் இரண்டு வருஷம்.

வெளிநாட்டில் ஓட்டிய அனுபவம் இருந்தால் இந்தக் காத்திருப்பைக் குறைக்கலாம். இங்கதான் காகிதத்தின் அருமை தெரியும். லைசென்ஸ் அட்டையை மட்டும் காட்டினால் அதிகபட்சம் ஒரு வருஷ அனுபவம்தான் ஏற்கப்படும். இரண்டு வருஷத்துக்கு மேல் ஓட்டியதற்கு அதிகாரபூர்வக் கடிதம் இருந்தால், எழுத்துத் தேர்வு முடித்த கையோடு நேரடியாக ஜி தேர்வுக்கே போகலாம். ஜி2 வைத்திருப்பவரை விட ஜி வைத்திருப்பவருக்கு பிரீமியம் குறைவு என்பதால், இந்த ஒரு கடிதத்தின் மதிப்பு ஆயிரக்கணக்கான டாலராகவும் இருக்கலாம்.

விமானம் ஏறும் முன் எடுக்க வேண்டியவை

முதலாவது, லைசென்ஸ் வரலாற்றுச் சான்று. தமிழ்நாட்டில் இதை 'டிஎல் எக்ஸ்ட்ராக்ட்' என்பார்கள். லைசென்ஸ் கொடுத்த ஆர்டிஓ அலுவலகத்தில் இருந்து பெற வேண்டும். மத்திய அரசின் 'பரிவாஹன்' இணையதளத்தில் உள்ள 'சாரதி' சேவையில் விண்ணப்பிக்கலாம். உங்கள் பெயர், பிறந்த தேதி, லைசென்ஸ் எண், எந்த வகை வாகனம், முதன்முதலில் எந்தத் தேதியில் லைசென்ஸ் கிடைத்தது என்பது எல்லாம் அதில் ஆங்கிலத்தில் தெளிவாக இருக்க வேண்டும்.

"கையில்தான் ஸ்மார்ட் கார்டு இருக்கே, அது போதாதா?" என்று கேட்கலாம். லைசென்ஸைப் புதுப்பித்தவர்களின் அட்டையைப் பார்ப்பவர், புதுப்பித்த தேதியையே முதல் தேதியாக எடுத்துக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது. 2012-ல் லைசென்ஸ் எடுத்தவர் 2024-ல் எடுத்தவராக ஆகிவிடுவார். பழைய அட்டை இருந்தால் அதையும் தூக்கிப் போடாமல் எடுத்துச் செல்வது நல்லது.

இலங்கையில் இருந்து போகிறவர்கள் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் இதே மாதிரிக் கடிதம் வாங்க வேண்டும். ஊரிலேயே வாங்க மறந்துவிட்டால், கனடாவில் உள்ள சொந்த நாட்டுத் தூதரகம் மூலமும் முயற்சி செய்யலாம்.

இரண்டாவது, இன்சூரன்ஸ் வரலாறு. இந்தியாவில் கிளெய்ம் எதுவும் செய்யாத ஒவ்வொரு வருஷத்துக்கும் 'நோ கிளெய்ம் போனஸ்' ஏறும். 20 சதவீதத்தில் தொடங்கி 50 சதவீதம் வரை போகும் இந்தத் தள்ளுபடி காருக்கு உரியது அல்ல, உரிமையாளருக்கு உரியது. காரை விற்கும்போதே நிறுவனத்திடம் இதற்கான கடிதத்தைக் கேட்டு வாங்கிவிடுங்க. எத்தனை வருஷம் காப்பீடு வைத்திருந்தீர்கள், கிளெய்ம் செய்தீர்களா என்ற விவரமும் அதில் இருந்தால் இன்னும் நல்லது.

ஒரு விஷயத்தைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். லைசென்ஸ் தேர்வு மையத்தில் உங்கள் அனுபவத்தை ஏற்றுக்கொண்டாலும், இன்சூரன்ஸ் நிறுவனமும் ஏற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சில நிறுவனங்கள் வெளிநாட்டு அனுபவத்தைக் கணக்கில் எடுக்கும், சில எடுக்காது. அதனால் விலை கேட்கும்போது முதல் கேள்வியே இதுவாக இருக்கட்டும்.

போன பிறகு பிரீமியத்தைக் குறைக்கும் வழிகள்

* பல இடங்களில் விலை கேளுங்க: ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனித்தனிக் கணக்கு. ஒருவருக்கே இரண்டு நிறுவனங்கள் சொல்லும் தொகையில் பெரிய வித்தியாசம் இருக்கும். பல நிறுவனங்களின் பாலிசியை விற்கும் புரோக்கர், ஒரே நிறுவனத்துக்கு விற்கும் ஏஜென்ட், நேரடியாக விற்கும் நிறுவனம் என மூன்று பக்கமும் கேட்க வேண்டும்.

* காரை முடிவு செய்யும் முன் இன்சூரன்ஸ் கேளுங்க: டொராண்டோ வட்டாரத்தில் கார் திருட்டு பெரிய தலைவலி. 2023-ல் மட்டும் கனடா முழுக்க கார் திருட்டுக்காக இன்சூரன்ஸ் நிறுவனங்கள் கொடுத்த இழப்பீடு சுமார் 150 கோடி டாலர். ஹோண்டா சிஆர்-வி, டொயோட்டா ஹைலேண்டர் மாதிரி திருடர்கள் குறிவைக்கும் மாடல்களுக்குக் கூடுதல் கட்டணம் வரலாம்.

* பழைய கார், ரொக்கப் பணம்: கடனில் வாங்கினால், நம் காரின் சேதத்துக்கான முழுக் காப்பீட்டையும் எடுக்கச் சொல்லிக் கடன் கொடுத்தவர் நிபந்தனை போடுவார். குறைந்த விலைப் பழைய காரை ரொக்கமாக வாங்கினால் அந்தப் பகுதியை விட்டுவிடும் வாய்ப்பு உண்டு.

* டிடக்டிபிள்: கிளெய்ம் செய்யும்போது முதலில் நம் கையில் இருந்து கட்டும் தொகை இது. இதை 500 டாலரில் இருந்து 1,000 டாலராக உயர்த்தினால் பிரீமியம் குறையும். ஆனால் அவசரத்துக்கு அந்த 1,000 டாலர் கையில் இருக்க வேண்டும்.

* குளிர்கால டயர்: 2016 ஜனவரி 1 முதல், வின்டர் டயர் மாட்டுபவர்களுக்குத் தள்ளுபடி தருவது ஒன்டாரியோவில் கட்டாயம். நாம் சொன்னால்தான் நிறுவனத்துக்குத் தெரியும்.

* டிரைவிங் ஸ்கூல்: அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளியில் பயிற்சி முடித்தால், அனுபவக் கடிதம் இல்லாத புது ஓட்டுநரின் ஜி1 காத்திருப்பு 12 மாதத்தில் இருந்து 8 மாதமாகக் குறையும். பல நிறுவனங்கள் தள்ளுபடியும் தருகின்றன. அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்க.

* சேர்த்து வாங்குவது: வாடகை வீட்டுக்கான காப்பீட்டையும் அதே நிறுவனத்தில் எடுத்தால் தள்ளுபடி கிடைக்கலாம். வேலை பார்க்கும் நிறுவனம், படித்த பல்கலைக்கழகம் வழியாகக் குழுச் சலுகை இருக்கிறதா என்றும் கேட்கலாம்.

* மொபைல் ஆப்: ஓட்டும் முறையைக் கண்காணிக்க அனுமதித்தால் தள்ளுபடி தரும் திட்டங்கள் உண்டு. மோசமாக ஓட்டினால் கட்டணம் ஏறுமா என்பதைச் சேரும் முன்பே கேட்டுவிட வேண்டும்.

எதில் கை வைக்கக் கூடாது?

செலவைக் குறைக்கிறேன் என்று பாதுகாப்பையே குறைத்துக்கொள்வதுதான் புதியவர்கள் மாட்டும் இடம். மற்றவருக்கு ஏற்படும் இழப்புக்கான காப்பீட்டில் சட்டப்படி குறைந்தபட்சம் 2 லட்சம் டாலர். பலரும் எடுப்பது 10 லட்சம் அல்லது 20 லட்சம் டாலர். பெரிய விபத்து வழக்கில் 2 லட்சம் போதாமல் போனால் மீதியை நம் சம்பாத்தியத்தில் இருந்துதான் கட்ட வேண்டி வரும்.

2024 ஜனவரி 1 முதல் இன்னொரு பகுதியை வேண்டாம் என்று சொல்லும் வசதி வந்திருக்கிறது. எதிரே வந்தவரின் தவறால் நம் கார் சேதமானால், அதற்கான பணத்தை நம் நிறுவனமே தரும் பகுதி அது. இதை விட்டுவிட்டால், தவறு நம்முடையது இல்லை என்றாலும் காரைச் சரிசெய்யும் செலவு நம் தலையில் விழும்.

இதைவிடப் பெரிய மாற்றம் 2026 ஜூலை 1-ல் இருந்து நடைமுறைக்கு வருவது. அதன்படி விபத்தில் காயம்பட்டவருக்கான மருத்துவம், மறுவாழ்வு, பராமரிப்பு உதவி ஆகியவை மட்டும் கட்டாயம். வேலைக்குப் போக முடியாத நாட்களில் கிடைக்கும் வருமான ஈடு உட்பட மற்றவை விருப்பத் தேர்வு. அடிப்படை வருமான ஈடு என்பதே வாரத்துக்கு அதிகபட்சம் 400 டாலர்தான். வேலை பார்க்கும் நிறுவனம் வழியாகவே வருமான இழப்புக் காப்பீடு உள்ளவருக்கு இது பெரிதாகத் தெரியாது. மணிக்கணக்குக் கூலியில் கிடங்கிலோ உணவகத்திலோ வேலை பார்ப்பவருக்கு, விபத்துக்குப் பிறகு வீட்டு வாடகை கட்ட இருப்பதே அந்தப் பணம்தான். அதை நீக்கி மிச்சம் பிடிப்பது சரியா என்று ஒரு முறைக்கு இரண்டு முறை யோசிக்கணும்.

"தெரிஞ்ச அண்ணா ஒருத்தர் முடிச்சுத் தருவார்"

கட்டணம் அதிகம் என்பதால் குறுக்கு வழிகளும் அதிகம். பிராம்ப்டனில் குடியிருந்துகொண்டு, வேறு ஊரில் இருக்கும் உறவினர் முகவரியைக் கொடுப்பது ஒன்று. தினமும் ஓட்டுவது தம்பி, பாலிசியில் முதன்மை ஓட்டுநர் மாமா என்று காட்டுவது இன்னொன்று. இரண்டுமே பொய்த் தகவல்தான். விபத்து நடந்தால் முகவரியையும் ஓட்டுநரையும் விசாரிப்பார்கள். பொய் தெரிந்தால் கிளெய்ம் மறுக்கப்படலாம், பாலிசி ரத்தாகலாம். அதன் பிறகு எந்த நிறுவனத்துக்குப் போனாலும் கட்டணம் எகிறும்.

மாமாவின் காரை எப்போதாவது ஓட்டுபவர், அதை உள்ளபடியே சொல்லி அவருடைய பாலிசியில் கூடுதல் ஓட்டுநராகப் பெயர் சேர்ப்பது வேறு விஷயம். அதில் தப்பே இல்லை. அப்படிச் சேர்ந்த வருஷங்கள், பிறகு தனியாக பாலிசி எடுக்கும்போது உதவவும் கூடும்.

மூன்றாவது மோசடி, போலி புரோக்கர். வாட்ஸ்அப், பேஸ்புக் வழியாக "பாதி விலையில் இன்சூரன்ஸ்" என்று வருவார்கள். பணம் வாங்கிக்கொண்டு அசல் போலவே ஒரு காகிதத்தையும் தருவார்கள். போலீஸ் நிறுத்தும்போதுதான் அப்படி ஒரு பாலிசியே இல்லை என்று தெரியும். அப்போது சட்டத்தின் பார்வையில் அவர் காப்பீடு இல்லாமல் கார் ஓட்டியவர். முதல் முறைக்கே அபராதம் 5,000 டாலரில் இருந்து 25,000 டாலர் வரை. மறுபடி சிக்கினால் 10,000 முதல் 50,000 டாலர் வரை. லைசென்ஸை ஒரு வருஷம் வரை முடக்கவும், காரை மூன்று மாதம் வரை பறிமுதல் செய்யவும் சட்டத்தில் இடம் இருக்கிறது.

ஒன்டாரியோவில் புரோக்கர்களுக்கு உரிமம் கொடுக்கும் அமைப்பின் பெயர் ரிபோ. ஒருவருக்கு உரிமம் இருக்கிறதா என்று அதன் இணையதளத்தில் பெயரைப் போட்டுப் பார்க்கலாம். காகிதம் கைக்கு வந்ததும், அதில் உள்ள நிறுவனத்துக்கு நேரடியாகப் போன் செய்து பாலிசி எண்ணைச் சரிபார்ப்பது இன்னும் நல்லது. அந்த போன் நம்பரை புரோக்கரிடம் வாங்காமல் நிறுவனத்தின் இணையதளத்தில் இருந்தே எடுக்க வேண்டும்.

முதல் வருஷமே கார் தேவையா?

டொராண்டோவில் மெட்ரோ ரயில், பஸ் போகும் பாதைக்குப் பக்கத்தில் வீடு பார்ப்பவர்கள் காரைத் தள்ளிப் போடலாம். லைசென்ஸை மட்டும் தள்ளிப் போட வேண்டாம். கார் இல்லாவிட்டாலும் லைசென்ஸின் வயது ஏறிக்கொண்டே இருக்கும்.

கார் வாங்கிவிட்டவர்கள் வருஷா வருஷம் பாலிசியைப் புதுப்பிக்கும் முன் மறுபடி நாலு இடத்தில் விலை கேட்பது முக்கியம். ஜி2-வில் இருந்து ஜி-க்கு மாறினால் உடனே நிறுவனத்துக்குச் சொல்ல வேண்டும். மாதத் தவணையைத் தவறவிட்டு பாலிசி ரத்தானால் அதுவும் பதிவில் ஏறும். நடு வருஷத்தில் நிறுவனம் மாறினால் அபராதம் உண்டு என்பதால், புதுப்பிக்கும் தேதியில் மாறுவதே லாபம்.

இந்த விதிகள் எல்லாம் ஒன்டாரியோவுக்கு உரியவை. பிரிட்டிஷ் கொலம்பியா, மானிடோபா, சஸ்காட்செவன் மாகாணங்களில் அடிப்படை கார் காப்பீட்டை அரசு நிறுவனமே தருகிறது, அங்கே கணக்கு வேறு. ஆனால் எந்த மாகாணத்துக்குப் போனாலும், லைசென்ஸ் சான்றையும் இன்சூரன்ஸ் கடிதத்தையும் பாஸ்போர்ட் இருக்கும் பையிலேயே வைத்து எடுத்துச் செல்லுங்க. அங்கே போன பிறகு ஊரில் உள்ள அலுவலகத்துக்கு ஆள் அனுப்பி வாங்குவது லேசான வேலை இல்லை.