ரோட்டைக் கவ்வுமா... காலை வாருமா?

செகண்ட் ஹேண்ட்ல ஒரு ஹேட்ச்பேக் கைக்கு வந்ததும் நம்ம பசங்க பண்ற முதல் காரியம் ஸ்டிக்கர். ரெண்டாவது சைலன்ஸர். மூணாவதா வரும் பாருங்க ஒரு டயலாக்: "மச்சி, வண்டியை ரெண்டு இன்ச் இறக்கிடுவோமா? ரோட்டை அப்படியே கவ்விக்கும்!"

கவ்வுமா? அதைத்தான் இந்த வாரம் பார்க்கப்போறோம் பாஸ்.

முதல்ல ரெண்டு வார்த்தையைப் பிரிச்சுக்குவோம். கிரிப் என்பது டயர் ரோட்டைப் பிடிக்கிற பிடி. எவ்வளவு பெரிய ஸ்போர்ட்ஸ் காரா இருந்தாலும் அது தரையைத் தொடுற இடம் ஏறக்குறைய நாலு உள்ளங்கை அளவுதான். ஹேண்ட்லிங் என்பது வேற. அந்தப் பிடி முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் எப்படிப் பங்காகுது, ஸ்டீயரிங்ல நீங்க சொன்னதை வண்டி எப்படிக் கேட்குது, பிடி விடப்போகுதுன்னா முன்கூட்டியே சொல்லுதா... இதெல்லாம் சேர்ந்ததுதான் ஹேண்ட்லிங். கிரிப் எக்கச்சக்கமா இருந்தும் ஹேண்ட்லிங் சரியில்லாத வண்டி கடைசி நொடி வரைக்கும் நல்ல பிள்ளையா இருக்கும். அப்புறம் ஒரே அடியா காலை வாரிடும்!

திருவண்ணாமலை பசங்களுக்கு இதைப் புரியவைக்கிறது ரொம்ப ஈஸி. தீபத் திருவிழா ஏழாம் நாள் பெரிய தேர் மாட வீதி மூலையில திரும்புறதைப் பார்த்திருப்பீங்க. ஸ்பிரிங் கிடையாது, ஷாக் அப்சார்பர் கிடையாது. சக்கரத்துக்கு அடியில போடுற கட்டைதான் ஸ்டீயரிங், அதுதான் பிரேக். கீழே சின்ன மேடு வந்தாலும் உச்சியில கலசம் எப்படி ஆடுது? ஆள் நடக்கிற வேகத்துல போறதால சமாளிச்சுடலாம். அதே மாதிரி விறைப்பா இருக்கிற ஒரு வண்டி 80 கி.மீ. வேகத்துல போனா?

சக்கரம் குலுங்கும். குலுங்குற நேரத்துல ரோட்டை விட்டு எழும்பும். காத்துல நிக்கிற டயருக்கு கிரிப் பூஜ்யம்! ஸ்பிரிங்கோட முதல் வேலை நம்ம முதுகைக் காப்பாத்துறது இல்லை, டயரைத் தரையிலேயே வெச்சிருக்கிறதுதான்.

இன்னொரு விஷயம். டயர் கொஞ்சம் வித்தியாசமான ஆள். அது மேல பாரம் டபுள் ஆனா பிடி டபுள் ஆகாது, கொஞ்சம் குறைவாத்தான் ஏறும். வளைவுல வண்டியோட பாரம் வெளிப்பக்க டயருக்குப் போகுதில்லையா? உள்பக்க டயர் இழக்கிற பிடி முழுசையும் வெளிப்பக்க டயரால ஈடுகட்ட முடியாது. முன்னாடி மட்டும் ஸ்பிரிங்கையோ ஸ்டெபிலைசர் பாரையோ ரொம்ப விறைப்பாக்கினா, இந்த நஷ்டம் முழுக்க முன் டயர் தலையில விழும். நீங்க ஸ்டீயரிங்கைத் திருப்புவீங்க, வண்டி நேரா போகும். பின்னாடி மட்டும் விறைப்பாக்கினா வால் வெளியே வீசும். போளூர்ல இருந்து ஜமுனாமரத்தூர் மலை ஏறுற ரோட்டுல இந்த ரெண்டுல எது நடந்தாலும் சங்குதான்.

சரி, வண்டியை இறக்கினா என்ன தப்பு? தாழ்வான வண்டி கம்மியா சாயும், அது உண்மை. ஆனா ஸ்பிரிங்கை மட்டும் வெட்டி, பழைய ஷாக்கை அப்படியே விட்டா, சக்கரம் மேலே ஏற இடமே இருக்காது. வளைவுல ஒரு பள்ளம் வந்தா சஸ்பென்ஷன் கடைசி ரப்பர் கட்டையில போய் 'டம்'னு மோதும். அந்த ஒரு நொடியில உங்க வண்டி தேர் ஆயிடும்!

இதைத் தொழிலாவே செஞ்சவங்க என்ன பண்ணாங்க தெரியுமா? கோயம்புத்தூர் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் டாடாவும் சேர்ந்து 2018-ல டியாகோ ஜே.டி.பி. விட்டாங்க. டர்போ இன்ஜின், 15 இன்ச் வீல், அகலமான டயர், மாத்தி அமைச்ச சஸ்பென்ஷன். வண்டியை எவ்வளவு இறக்கினாங்க? வெறும் 4 மி.மீ! மூணு ஒரு ரூபாய் காயினை அடுக்கினா வர்ற உயரம். 2020-ல அந்தக் கூட்டணி முடிஞ்சுபோச்சு, பாடம் மட்டும் நம்மகிட்ட இருக்கு. அதுக்கும் முன்னாடி, 1962-ல இங்கிலாந்துல வந்த லோட்டஸ் எலான் மென்மையான ஸ்பிரிங்கோடதான் ஹேண்ட்லிங்குக்குப் பேர் வாங்குச்சு. கல்லூரி டீம்கள் கார் கட்டி ஓட்டுற ஃபார்முலா ஸ்டூடன்ட் போட்டி விதியிலேயே, சக்கரம் குறைஞ்சது 50 மி.மீ. ஏறி இறங்கணும்னு இருக்கு. வழவழன்னு இருக்கிற டிராக்குக்கே அவ்வளவுன்னா, நம்ம செங்கம் ரோட்டுக்கு?

அப்போ காசை எங்கே போடலாம்? வரிசை இதுதான்.

முதல்ல டயர். 2005 அமெரிக்க கிராண்ட் ப்ரீயில ஒரு வளைவை மிஷலின் டயர் தாங்காதுன்னு 14 கார்கள் ரேஸைத் தொடங்காமலே உள்ளே போயிடுச்சு. மீதி ஆறு கார்ல நம்ம நரேன் கார்த்திகேயன் நாலாவதா வந்தார். ஃபார்முலா ஒன்னுக்கே டயர் இல்லேன்னா ரேஸ் இல்லை!

ரெண்டாவது, காத்து அழுத்தம், வீல் அலைன்மென்ட், தேஞ்சுபோன புஷ். பல வண்டியில 'அப்கிரேட்' வேண்டியதே இல்லை, இதைச் சரிபண்ணாலே புது வண்டி மாதிரி ஆயிடும்.

மூணாவது, நல்ல ஷாக் அப்சார்பர். ஸ்பிரிங் மாத்தணும்னா அதுக்குப் பொருத்தமான ஷாக்கோட சேர்த்து மாத்துங்க. ஸ்டெபிலைசர் பார் கடைசி. ஒரு நேரத்துல ஒண்ணு மட்டும் மாத்துங்க. நாலையும் ஒண்ணா மாத்தினா எது நல்லது பண்ணுச்சு, எது கெடுத்துச்சுன்னு மெக்கானிக் அண்ணனுக்கே தெரியாது.

ஒரு எச்சரிக்கை. ஆர்.சி. விவரம் கம்பெனி கொடுத்ததுல இருந்து மாறுபடுற மாதிரி வண்டியை மாத்தக்கூடாதுன்னு மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு சொல்லுது. 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் இதை அழுத்திச் சொல்லிடுச்சு. அதே வருஷத் திருத்தப்படி, அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாசம் வரை சிறை, இல்லே ரெண்டுமே! கை வைக்கிறதுக்கு முன்னாடி ஆர்.டி.ஓ. ஆபீஸ்லயும் இன்ஷூரன்ஸ்லயும் கேட்டுருங்க.

மாத்தினதை டெஸ்ட் பண்ற இடம் கிரிவலப் பாதை இல்லை பாஸ். அந்த 14 கிலோமீட்டரும் வெறுங்காலோட நடக்கிறவங்களுக்கானது. வேகம் பார்க்கணும்னா ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டை டிராக் இருக்கு, கோவையில கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கு. டிராக்ல பிடி விட்டா வண்டிதான் மண்ணுல இறங்கும். ரோட்டுல விட்டா, எதிர்ல டி.வி.எஸ். 50-ல வர்ற ஒரு குடும்பம் மேல ஏறும்.

அடுத்த வாரம் பிரேக்கைப் பிரிச்சு மேய்வோம். அதுவரைக்கும் டயர்ல காத்து செக் பண்ணி வைங்க!